ஜெயித்த ஆறு மாதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பணம் வைத்துச் சீட்டாடுபவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் இங்குள்ள ஒரு கார்டு ரூமில், அதாவது சீட்டாட்ட விடுதியில், 1–3 டாலர் ஹோல்டெம் ஆடுகிறேன் (கையில் இரண்டு சீட்டும் மேசையில் பொதுவாக ஐந்து சீட்டும் வரும் போக்கர்; 1, 3 டாலர் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் கட்டாயமாக வைக்கும் தொடக்கப் பந்தயம்). மார்ச்சில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை சுமார் 100 மணி நேரம் ஆடியதில் 1,400 டாலர் லாபம். செப்டம்பரிலிருந்து 60 மணி நேரத்தில் 1,700 டாலர் போய்விட்டது.

ஆட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்றே நம்பியிருந்தேன். மே மாதத்தில் ஒருநாள் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 7, ஆட்டின் 6. ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், இரண்டு ஆட்டின், ஜோடி எதுவும் சேரவில்லை. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில், 60 டாலர்தான் இருந்தது. எதிரில் இருந்தவர் தன்னிடமிருந்த 200 டாலரையும் வைத்தார். ஆட்டின் வரும் என்று உள்ளுக்குள் தோன்றியது, கால் செய்தேன் (அதே தொகையை நானும் வைத்தேன்). ரிவரில், கடைசிச் சீட்டாக, ஆட்டின் வந்தது. அந்த உள்ளுணர்வு இப்போது போய்விட்டது. செப்டம்பருக்குப் பிறகு ஏஸ் ஜோடி மட்டுமே நாலு தடவை தோற்றிருக்கிறது. போன வாரம் ஏஸ் ஜோடியோடு 15 டாலருக்கு ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்), ஐந்து பேர் வந்தார்கள். ஃப்ளாப் 9, 8, 4. நான் 60 போட்டேன். இரண்டு மணி நேரமாக ஒரு தடவைகூட ரெய்ஸ் செய்யாத ஒரு பெரியவர் அதை 180 ஆக்கினார். நான் எல்லாவற்றையும் வைத்தேன். அவர் கையில் 9, 8, அதாவது இரண்டு ஜோடி. மொத்தம் 300 டாலர் போனது. 9–8 வைத்துக்கொண்டு யாராவது 15 டாலர் கொடுத்து உள்ளே வருவார்களா?

ஜெயிக்கிற நாளில் பத்து மணிக்கே கிளம்பிவிடுவேன். தோற்கிற நாளில் விட்டதைப் பிடிக்க விடியும்வரை உட்கார்ந்துவிடுகிறேன். மனைவிக்கு ஜெயித்த நாட்களின் கணக்கு மட்டும்தான் தெரியும். பந்தயம் பெரிதான 2–5 மேசைக்குப் போனால் ரெய்ஸுக்கு மரியாதை கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா? என் நேரம் சரியில்லையா, இல்லை எனக்கு ஆட்டமே வராதா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது தோற்ற மாதங்கள் இல்லை, ஜெயித்த மாதங்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த மே மாத ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டில் 60, அவர் வைத்தது 200, நீங்கள் வைக்கவேண்டியது 200. ஆக 460 டாலருக்காக 200 டாலர் கொடுக்கிறீர்கள். இது கட்டுபடியாக வேண்டுமானால் நூற்றுக்கு 43 தடவைக்கு மேல் நீங்கள் ஜெயிக்கவேண்டும். உங்களுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் ஆட்டின் 9. இரண்டு சீட்டு வர இருக்கிறது. ஃப்ளஷ் (ஒரே வகைச் சீட்டு ஐந்து) சேர்வது நூற்றுக்கு 35 தடவை. அதாவது 460 டாலரில் உங்கள் பங்கு 161 டாலர். அதை 200 கொடுத்து வாங்கினீர்கள். அதே இடத்தில் அதே கால் செய்யும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 39 டாலர் நஷ்டம். அன்று ஆட்டின் வந்தது, பணமும் வந்தது. ஆனால் அது நஷ்டமான ஆட்டம்தான். அதை உள்ளுணர்வு என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டீர்களே, அதற்கு அப்புறம் அந்த உள்ளுணர்வை நம்பி எத்தனை தடவை கால் செய்திருப்பீர்கள் என்பதுதான் என் கேள்வி.

தோற்கும்போது யாரும் சும்மா இருப்பதில்லை. எங்கே தப்பு என்று தேடுவார்கள், நண்பர்களைக் கேட்பார்கள், உங்களைப்போல் கடிதம்கூட எழுதுவார்கள். ஜெயித்த ஆட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அட்லாண்டிக் சிட்டியில் பல வருடம் 1–2 மேசைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்ன மேசைகளில் ஆடுபவர்களின் கெட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை ஜெயித்த இரவுகளில் படிந்தவை.

இப்போது ஏஸ் ஜோடிக்கு வருவோம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தால் 60 மணி நேரத்தில் 1,800 ஆட்டம், எட்டுத் தடவை ஏஸ் ஜோடி. ஒரே ஒருவர் எதிரில் இருந்தால் அது நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். மூன்று பேர் என்றால் 64க்கு இறங்கிவிடும். எதையாவது பிடித்துக்கொண்டு ஐந்து பேர் கடைசிவரை வந்தால் 49தான். உங்கள் மேசையில் 15 டாலருக்கு ஐந்து பேர் வருகிறார்கள். எட்டில் நாலு தோற்பது அங்கே நடக்கவேண்டியதுதான். இதில் உங்கள் நேரத்தின் மேல் எந்தப் பழியும் இல்லை.

அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். ஆறு பேர் தலா 15 வைத்த 90 டாலர் பாட்டில் நீங்கள் வைத்தது 15, ஆறில் ஒரு பங்கு. ஜெயிப்பதோ ஏறக்குறைய பாதித் தடவை. இதைவிட நல்ல வியாபாரம் அந்த அறையில் கிடைக்காது. 9–8 வைத்துக்கொண்டு வருவார்களா என்று கோபப்படுகிறீர்கள். வரவேண்டும். அவர்கள் வருவதால்தான் அந்த மேசையில் லாபம் என்று ஒன்று இருக்கமுடியும். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் 20, 25 என்று ரெய்ஸைக் கூட்டிப் பாருங்கள். யாரும் வரக்கூடாது என்று மட்டும் ஆசைப்படாதீர்கள்.

ஆனால் 300 டாலரும் கெட்ட நேரத்தால் போனது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் 15, ஃப்ளாப்பில் 60, இந்த 75 டாலரும் சரியாக வைத்த பணம். மீதி 225 டாலரை நீங்களாகக் கொடுத்தீர்கள். இரண்டு மணி நேரம் ரெய்ஸே செய்யாத ஒரு பெரியவர், ஐந்து பேர் உள்ளே வந்த பாட்டில், முதலிலிருந்து பலம் காட்டிவரும் உங்களை மீறி 180 வைக்கிறார். அவரிடம் ஒற்றை ஜோடி இருக்காது. 9–8 இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது நாலில் ஒரு வாய்ப்பு. 8 ஜோடியோ 4 ஜோடியோ வைத்திருந்து செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) அடித்திருந்தால் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஏஸ் ஜோடியைக் கீழே வைத்து விலகுவது எவ்வளவு கசப்பான காரியம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ நேரம் காத்திருந்து வந்த சீட்டு. ஆனாலும் அவர் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார், நீங்கள்தான் கேட்கவில்லை.

ஆக, நீங்கள் சாமர்த்தியம் என்று நினைத்த ஆட்டம் நஷ்டம். கெட்ட நேரம் என்று நினைத்த ஆட்டத்தில் பாதி நல்ல ஆட்டம், பாதி நீங்கள் செய்த முடிவு. வந்த பணத்தைப் பார்த்தே ஆட்டத்தை எடைபோட்டதால் இரண்டுமே தலைகீழாகப் பதிந்துவிட்டன.

ஆட்டம் வருமா வராதா என்று கேட்கிறீர்கள். 160 மணி நேரத்தை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. 2015இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் கிளாடிகோ என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக, நேருக்கு நேர் ஆடவிட்டது. 80,000 ஆட்டம். மனிதர்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் (பந்தய வில்லைகள்) முன்னிலையில் முடித்தார்கள். அப்போதும் பல்கலைக்கழகத் தரப்பு அதைப் புள்ளியியல்படி சமநிலை என்றது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் ஒரு சூதாட்ட விடுதியில் லிப்ரேட்டஸ் என்ற அடுத்த நிரலைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை 20 நாளில் 1,20,000 ஆட்டம். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க, முதல் தடவையைப் போலவே, ஒரே சீட்டுகளை இரண்டு இடத்தில் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மேசையில் மனிதனுக்குப் போன சீட்டு இன்னொரு மேசையில் கணினிக்குப் போகும். அவ்வளவும் செய்த பிறகுதான் கணினி ஜெயித்தது என்று உறுதியாகச் சொன்னார்கள். நீங்கள் இதுவரை ஆடியது சுமார் 4,800 ஆட்டம். வாரம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 1,20,000 ஆட்டத்துக்குப் பத்து வருடம் பிடிக்கும்.

இன்னும் கிட்டத்தில் வந்து பார்க்கலாம். 1–3 மேசையில் 100 மணி நேரத்துக்கு ஏற்ற இறக்கம் 1,300 டாலர் அளவுக்கு இருக்கும். மணிக்குப் பத்து டாலர் ஜெயிக்கக்கூடிய திறமைசாலிகள் ஐந்து பேர் 100 மணி நேரம் ஆடினால் அவர்களில் ஒருவர் நஷ்டத்தோடு எழுந்திருப்பார். அதேபோல் மணிக்குப் பத்து டாலர் தோற்கிற ஐந்து பேரில் ஒருவர் லாபத்தோடு எழுந்திருப்பார். அந்த ஒருவருக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் அவராக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. கலிஃபோர்னியா கார்டு ரூம்களில் பாட்டிலிருந்து ஒரு தொகையை எடுத்துவிடுவார்கள், ஜாக்பாட்டுக்கு என்று தனியாகவும் எடுப்பார்கள். இரண்டும் சேர்த்து 6 டாலர் என்று வையுங்கள். மணிக்கு 30 ஆட்டம் என்றால் 180 டாலர். ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஒரு நாற்காலிக்கு 20 டாலர். ஃப்ளாப் வராமல் முடியும் ஆட்டங்களைக் கழித்தாலும் 15க்குக் கீழே போவது அரிது. ஜெயிக்கும்போது டீலருக்குக் கொடுக்கும் டாலர் தனி. 160 மணி நேரத்தில் உங்கள் நாற்காலியின் பங்கு 2,400 டாலர். உங்கள் மொத்த நஷ்டம் 300. இந்தக் கணக்கின்படி எதிரில் உட்கார்ந்தவர்களை நீங்கள் ஜெயித்துத்தான் இருக்கிறீர்கள், அறையின் கட்டணத்தைத் தாண்டவில்லை. 160 மணி நேரத்துக் கணக்கு என்பதால் இதையும் ரொம்ப நம்பவேண்டாம். ஆனால் சின்ன மேசைகளில் இந்தக் கட்டணம் எவ்வளவு பாரமானது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். அங்கே சுமாரான நல்ல ஆட்டம் போதாது.

ஜெயித்தால் பத்து மணிக்கு, தோற்றால் விடியற்காலையில் என்கிறீர்களே, அதை உடனே மாற்றுங்கள். மனம் தெளிவாக, எதிரில் இருப்பவர்கள் தடுமாறும் நேரத்தில் எழுந்து போகிறீர்கள். கண் எரிய, கோபத்தோடு, விட்டதைப் பிடிக்கும் வெறியோடு மணிக்கணக்காக உட்காருகிறீர்கள். உங்களுடைய மோசமான ஆட்டத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறீர்கள். இத்தனை மணிக்கு எழுந்துவிடுவேன் என்று போகும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னால் சில்லு குவிந்திருந்தாலும் தீர்ந்திருந்தாலும் அதே மணி.

உங்கள் மனைவி விஷயத்தை மேலே சொன்ன கணக்குகளோடு சேர்க்க எனக்கு மனமில்லை. இதில் எனக்கு உண்மையாகவே பயம் இருக்கிறது. ஜெயித்ததை மட்டும் சொல்லும் பழக்கம் 300 டாலரில் நிற்காது. தோற்றதை மறைக்க அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயித்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டால் அதற்கப்புறம் மேசையில் நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் சீட்டைப் பார்த்து எடுத்ததாக இருக்காது. இரண்டு பக்கக் கணக்கையும் இந்த வாரமே அவர் முன்னால் வையுங்கள். நிறுத்து என்று அவர் சொன்னால், அந்தப் பணத்தில் அவருக்கும் உரிமை இருக்கிறது. சொல்ல முடியாமலோ நிறுத்த முடியாமலோ தவித்தால் சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு உதவும் 1-800-கேம்ப்ளர் (1-800-426-2537) என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். உங்கள் கார்டு ரூமிலேயே எங்காவது ஒட்டியிருப்பார்கள்.

2–5 மேசை இப்போது வேண்டாம். உங்கள் ரெய்ஸை மதிக்கிறவர்கள் அங்கே கொஞ்சம் அதிகம் இருக்கலாம், ஆனால் உங்களிடமிருந்து பணம் எடுக்கத் தெரிந்தவர்களும் அங்கேதான் அதிகம். ஒரு தடவை உட்கார 500 டாலர் வேண்டும், ஏற்ற இறக்கத்தைத் தாங்க அதைப்போல இருபது மடங்காவது தனியாக இருக்கவேண்டும். வீட்டுச் செலவில் தொடாத பணமாக அது உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டில் பேசிய பிறகும் ஆடுவது என்று முடிவானால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் ஜெயித்த பெரிய பாட்டுகளை நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். பாட்டில் எவ்வளவு இருந்தது, நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள், கையில் என்ன இருந்தது, எத்தனை சீட்டு வர இருந்தது, இவ்வளவு போதும். எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்