ஓய்வுபெறும் டையிங் மாஸ்டரின் அனுபவத்தைப் பட்டறையில் தக்கவைப்பது எப்படி?

வணக்கம். உங்கள் சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் ஆறு மாதத்தில் ஓய்வுபெறுகிறார் என்றும், தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னதற்கு நான்கு பக்கம் மட்டுமே தந்தார் என்றும் வருந்தியிருந்தீர்கள். அவர் மறைக்கிறார் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். சாயம் துணியில் பிடிக்கச் சேர்க்கும் சோடாவை எந்த வேகத்தில் விட்டால் துணியில் திட்டு விழாது என்பது அவர் கைக்கும் கண்ணுக்கும் பழகியிருந்தாலும், கேட்ட மாத்திரத்தில் எழுத்தில் வருவதில்லை.

1980களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் வீட்டு ரொட்டி இயந்திரத்தை வடிவமைத்தபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. மென்பொருள் உருவாக்குநர் இகுகோ தனகா ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டித் தயாரிப்பாளரிடமே பயிற்சிக்குச் சென்று, அவர் மாவை முறுக்கி இழுப்பதைக் கவனித்த பிறகுதான் இயந்திரத்தின் உட்புறம் அதற்கேற்ப மாற்றப்பட்டது.

ஆகவே, இரண்டு இளைஞர்களை இப்போதே அவருடன் ஷிப்டில் நிறுத்துங்கள். ஷேடு, அதாவது நிறச்சாயல், மாறிய ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் சாயமிடும் துணித் தொகுதியிலும்) அவர் எதைப் பார்த்தார், எதைக் கூட்டினார், ஏன் என்பதை அவர்கள் அன்றன்றே எழுதி, அவரிடம் படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளட்டும். என் பார்வையில் இந்தத் திருத்தம்தான் மிக முக்கியம். ஜெராக்ஸ் நிறுவனம் பழுதுநீக்குநர்களின் குறிப்புகளை யுரேகா என்னும் தரவுத்தளத்தில் சேர்த்தபோது, சக பணியாளர்கள் சரிபார்த்த குறிப்புகளைத் தந்தவரின் பெயருடனேயே வெளியிட்டது. உங்கள் குறிப்பேட்டிலும் மாஸ்டரின் பெயர் இருக்கட்டும். ஓய்வுக்குப் பிறகும் அவரை உரிய மதிப்பூதியத்துடன் அவ்வப்போது அழையுங்கள்.