கண்ணில் நெளியும் ஒளியும் கருத்தடை மாத்திரையும்

கேள்வி: என் வயது 28. சிசேரியனில் பிறந்த மகனுக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. அடுத்த குழந்தை மூன்று ஆண்டுகள் கழித்துப் போதும். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்கிறார் மாமியார். தோழியோ மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி என்றால் எனக்குப் பயம். அவ்வப்போது கண்ணில் நெளிநெளியாக ஒளி தோன்றி, பிறகு ஒற்றைத் தலைவலி வரும். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பதில்: தொடர்பு இருக்கிறது, அம்மா. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஒளி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கருத்தடை மாத்திரைகள் அந்த வகைதான். தோழிக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஆகாது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் பொதுவாகவே அதை நாங்கள் தவிர்க்கிறோம்.

மாமியார் சொல்வது பாதி சரி. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவிலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் மிச்சம். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடக்கூடும் என்பதால், "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்து கருவுற்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு, நீங்கள் பயப்படும் காப்பர்-டிதான். அதில் ஹார்மோன் கிடையாது. தலைவலிக்கும் தாய்ப்பாலுக்கும் இடைஞ்சல் இல்லை. சிசேரியன் தழும்பும் தடையல்ல. 380-ஏ வகை பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும், ஆனால் வேண்டும்போது எடுத்துவிடலாம். எடுத்தவுடனே கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம் என்பது உண்மை. அதனால் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரிதாக அது தானே வெளியே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே பொருத்திய பிறகு மறுபரிசோதனைக்குப் போகத் தவறாதீர்கள்.

மனம் ஒப்பவே இல்லையென்றால், ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை இருக்கிறது. லக்னோ ஆய்வகத்தில் உருவானது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. கிழமையை மறக்காதவர்களுக்கே அது சரிப்படும். கைக்குழந்தைக்காரிக்குக் கிழமை நினைவிருக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எதுவானாலும் இந்த மாதத்துக்குள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தலைவலியை அவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.