28 டிகிரி நீர் ஒரு வீட்டைச் சூடாக்குமா?

கேள்வி: என் மகன் நெதர்லாந்தின் தென்கோடியிலுள்ள ஹேர்லன் நகரில் குடியிருக்கிறான். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரைக் கொண்டு அவனுடைய குடியிருப்பைச் சூடாக்குகிறார்களாம். அந்த நீர் வெறும் 28 டிகிரிதான் என்கிறான். எங்கள் ஊர்க் கிணற்று நீரே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாத நீர் பனிக்காலத்தில் எப்படி உதவும்?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். நம் உடல் 37 டிகிரியில் இருப்பதால் 28 டிகிரி நீர் கைக்குக் குளிர்ச்சியாகவே படுகிறது. ஆனால் 20 டிகிரியில் இருக்க விரும்பும் ஓர் அறைக்கு அதே நீர் சூடான பொருள். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும் என்பதால், அந்த 8 டிகிரி வித்தியாசமே ஒரு செல்வம். ஓர் அறையை 20 டிகிரிக்குக் கொண்டுவர, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சுடரில் எரிவாயுவை எரிப்பதைத்தான் நாம் வீண் செலவு என்று எண்ண வேண்டும்.

எனினும் அந்த நீரை அப்படியே பழைய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் விட்டால் போதாது. அளவில் சிறிய அந்த ரேடியேட்டர், கை வைக்க முடியாத 70 டிகிரிச் சூட்டில் ஓடினால்தான் அறைக்கு வேண்டிய வெப்பத்தைத் தரும். அதற்குப் பதிலாகத் தரை முழுவதற்கும் அடியில் குழாய்களைப் பதித்துவிட்டால், வெப்பம் வெளிவரும் பரப்பு பல மடங்காகிவிடுவதால் 30 முதல் 35 டிகிரி நீரே போதுமானது. வெளியே பனி கொட்டும் காலையில் வெறுங்காலுடன் நடந்தால், நம் வீட்டு முற்றத்தில் இளவெயில் பட்ட தரையைப் போல அது இதமாக இருக்கும்.

28 டிகிரியை 35 டிகிரிக்கு உயர்த்தும் வேலையை ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப ஏற்றி செய்கிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் கை வைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பொருள்களிலிருந்து உறிஞ்சிய வெப்பம் அங்கே வெளிவருவது தெரியும். வெப்ப ஏற்றியும் அதே இயந்திரம்தான். சுரங்க நீரின் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் விடுகிறது. ஏற வேண்டிய உயரம் குறையக் குறைய மின்சாரச் செலவும் குறையும். உறைபனிக் காற்றிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றுவது மலையேற்றம் என்றால், இது இரண்டு படி ஏறுவதுதான்.

ஹேர்லனின் கதை சுரங்க ஊரில் வாழும் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். வடக்கே குரோனிங்கனில் 1959-இல் பெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலக்கரியின் மதிப்பு சரிந்தது. 1965 டிசம்பரில் பொருளாதார அமைச்சர் யோப் டென் உய்ல் ஹேர்லன் நகர அரங்குக்கே வந்து சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். நகரின் கடைசிச் சுரங்கம் 1974 இறுதியில் மூடப்பட்டது. இறைப்பதை நிறுத்தியதும் சுரங்கப் பாதைகளில் நீர் நிரம்பிற்று; ஆழத்திலுள்ள பாறையின் சூடு அதில் ஏறிற்று. ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் 28 டிகிரியும், 250 மீட்டரில் 16 டிகிரியும் இருந்த அந்த நீரைக் கொண்டு 2008-இல் சூடாக்கும் பணி தொடங்கியது. சுரங்கத்தை விழுங்கிய எரிவாயுவோ நிலநடுக்கங்களைக் கொண்டுவந்ததால், குரோனிங்கனில் வாயு எடுப்பது 2023 அக்டோபரில் நின்றுபோனது.

ஹேர்லன் பொறியாளர்கள் விரைவிலேயே ஒன்றை உணர்ந்தார்கள். சுரங்கம் வற்றாத ஊற்று அன்று. எடுத்துக்கொண்டே இருந்தால் நீர் குளிர்ந்துவிடும். ஆகவே அதைப் பத்தாயம்போல ஆக்கினார்கள்: தரவு மையமும் குளிரூட்டப்படும் அலுவலகங்களும் கழித்துவிடும் வெப்பத்தைக் கோடையில் கீழே இறக்கிச் சேமித்து, பனிக்காலத்தில் எடுக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. சுவரும் சன்னலும் வெப்பத்தைக் கசியவிடும் வீட்டில் இந்த முறை தோற்றுப்போகும். முதலில் கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு, இரட்டைக் கண்ணாடி, பிறகுதான் இயந்திரம். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் குளிரையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே சுமக்க நேர்கிறது.

கேள்வி: வெப்ப ஏற்றி மின்சாரத்தில்தானே ஓடுகிறது? அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் என்ன பயன்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நியாயமான ஐயம். அனல்மின் நிலையம் ஒரு பங்கு மின்சாரம் தர ஏறக்குறைய மூன்று பங்கு நிலக்கரி வெப்பத்தைச் செலவிடுகிறது. வெப்ப ஏற்றி அந்த ஒரு பங்கைக் கொண்டு நான்கு பங்கு வெப்பத்தை வீட்டில் சேர்த்தால், அப்போதும் ஆதாயம் சிறிதளவே. நெதர்லாந்தில் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி இப்போது காற்று, சூரியன் முதலியவற்றிலிருந்து வருவதால்தான் ஆதாயம் பெரிதாகிறது.

கேள்வி: நம் ஊரில் இதற்கு வேலை உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வீட்டைச் சூடாக்க நமக்குத் தேவையில்லை, நம் சமவெளி நிலத்தடி நீர் அறையைக் குளிர்விக்கும் அளவுக்குக் குளிர்ந்ததும் அன்று. ஆனால் மருத்துவமனைகளும் தங்கும் விடுதிகளும் ஏசி வழியாக வெப்பத்தைத் தெருவில் கொட்டிக்கொண்டே, மறுபுறம் குளியல் நீருக்காக மின்சாரத்தையும் எரிபொருளையும் செலவிடுகின்றன. கொட்டும் வெப்பத்தை அந்த நீருக்குத் திருப்புவதற்குச் சுரங்கம் தேவையில்லை. ஒன்றின் வெப்பத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றி ஒன்றும் நன்கு மூடிய தொட்டி ஒன்றும் போதும்.