பாஸ்வேர்ட் மறந்துபோனால் ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘பாஸ்வேர்டை மறந்துவிட்டேன்’ என்பதற்கு ‘செ மெ ஒல்விதோ லா கொன்த்ரசெஞா’ என்று என் பாடநூல் கூறுகிறது. இதில் ‘நான்’ எங்கே?
(கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

பதில்: அந்த வாக்கியத்தில் ‘நான்’ இல்லவே இல்லை. பாஸ்வேர்டைக் குறிக்கும் ‘லா கொன்த்ரசெஞா’தான் எழுவாய், ‘மெ’ என்பது நம்முடைய ‘எனக்கு’, ‘ஒல்விதோ’ படர்க்கை ஒருமையில் அமைந்த இறந்தகால வினை. ‘பாஸ்வேர்ட் எனக்கு மறந்துபோயிற்று’ என்று நாம் சொல்வதை ஸ்பானியரும் ஏறத்தாழ அப்படியே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியே கற்பவர்களுக்கு இது புதிராகத் தோன்றுவதால் பாடநூல்கள் நீண்ட விளக்கம் தருகின்றன. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாள்தோறும் பேசும் நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதே என் கருத்து.

‘செ’ என்ற சிறுசொல், செயல் நம் விருப்பமின்றித் தானாக நேர்ந்ததைக் காட்டுகிறது. ‘மறந்துபோயிற்று’ என்பதில் ‘போ’ செய்யும் வேலையும் அதுவே. போன் கைதவறி விழுந்தால் ‘செ மெ காயோ எல் மோவில்’. வேண்டுமென்றே எறிந்திருந்தால் ‘திரே எல் மோவில்’. மறந்தவை பலவானால் வினையும் பன்மையாகி ‘செ மெ ஒல்விதாரோன் லாஸ் கொன்த்ரசெஞாஸ்’ என்றாகும். ‘உனக்கு’ என்றால் ‘மெ’ இருக்கும் இடத்தில் ‘தெ’ வரும். ‘அவருக்கு’ என்றால் ‘லெ’ வரும். ‘ஒல்விதே லா கொன்த்ரசெஞா’, அதாவது ‘நான் மறந்தேன்’, என்பதும் பிழையன்று.

கேள்வி: எங்கள் விடுதிக்கு வந்த ஸ்பெயின் விருந்தினர் ‘குவால் எஸ் லா கொன்த்ரசெஞா தெல் விஃபி?’ என்று கேட்டார். ‘என்ன’ என்பதற்கு ‘கே’ அல்லவா வர வேண்டும்?
(விடுதிப் பணியாளர், ஏற்காடு)

பதில்: ‘கே எஸ்’ என்று தொடங்கினால் ‘பாஸ்வேர்ட் என்றால் என்ன?’ என்று பொருள் விளக்கம் கேட்பதாகிவிடும். இருக்கக்கூடிய பலவற்றுள் ‘எது’ என்று கேட்பதால் ‘குவால்’ வருகிறது. தமிழில் இரண்டிற்கும் ‘என்ன’ என்றே கேட்டுப் பழகியதால் நம்மவர் இங்கே தவறுவதுண்டு. ‘உடைய’ என்னும் பொருள் தரும் ‘தெ’ (மேலே கண்ட ‘உனக்கு’ அன்று), ஆண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘எல்’ என்னும் இரண்டும் சேர்ந்து ‘தெல்’ ஆவது கட்டாயம். வைஃபையை ஸ்பெயினில் ‘விஃபி’ என்பார்கள்; மெக்சிகோவில் ‘வாய்ஃபாய்’ என்றே கேட்கலாம்.

கேள்வி: உயிரற்ற பாஸ்வேர்ட் எப்படிப் பெண்பாலாயிற்று? (ஓமலூர்)

பதில்: தமிழில் பால் பொருளைப் பற்றியது, ஸ்பானியத்தில் அது சொல்லைப் பற்றியது. ‘ஆ’ என முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால். ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த ‘ப்ரொக்ராமா’, ‘சிஸ்தேமா’, ‘ப்ரொப்லேமா’ மூன்றும் ஆண்பால். கணினி பற்றிப் பேசும்போது இம்மூன்றும் அடிக்கடி வரும் என்பதால் ‘எல்’ சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: போனுக்கு மோவிலா, செலுலாரா? எதைக் கற்பது? (சங்ககிரி)

பதில்: ஸ்பெயினில் ‘மோவில்’, லத்தீன் அமெரிக்காவில் பொதுவாக ‘செலுலார்’. கணினியும் அவ்வாறே: ஸ்பெயினில் ‘ஒர்தெனதோர்’, மெக்சிகோவில் ‘கொம்புததோரா’. யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்களின் சொல்லைக் கற்றால் போதும்.

கேள்வி: உச்சரிப்புக்கு ஏதேனும் குறிப்பு? (ஆத்தூர்)

பதில்: ‘கொன்த்ரசெஞா’வின் இறுதியில் வருவது ‘ஞாயிறு’ என்பதில் உள்ள அதே ‘ஞா’. அதன் நடுவில் உள்ள ‘த்’ ‘பத்து’ என்பதில் உள்ளது போல வல்லோசை. ‘ஒல்விதோ’வில் உள்ள ‘த்’ ‘அது’ என்பதில் உள்ளது போல மெல்ல ஒலிக்கும். ஆங்கில வகுப்பில் பழகிய ‘ட’ ஒலியை இரண்டு இடத்திலும் தவிர்த்துவிடுங்கள்.