ஹெக்ஸ் கேம்ல முதல்ல ஆடுறவங்களுக்குத்தான் ஜெயம்னா அப்புறம் எதுக்கு விளையாடணும்?

ஹெக்ஸ்ங்கிறது அறுகோணக் கட்டங்கள் உள்ள பலகையில ரெண்டு பேர் மாத்தி மாத்தி காய் வச்சு, பலகையில தங்களோட எதிரெதிர் ரெண்டு பக்கத்தையும் காயால இணைக்கப் பாக்குற ஆட்டம். முதல் ஆளுக்கு ஜெயிக்கிற வழி ஒண்ணு இருக்குன்னு கணித மேதை ஜான் நாஷ் நிரூபிச்சாரு, உண்மைதான், ஆனா அந்த வழி என்னன்னு அந்த நிரூபணம் சொல்லாது, அங்கதான் ஆட்டமே இருக்கு. இதுல டிரா கிடையாது, கூடுதலா ஒரு காய் இருந்தா யாருக்கும் நஷ்டமும் இல்ல, அதனால ரெண்டாவது ஆளுக்கு ஜெயிக்கிற வழி இருந்தா முதல் ஆள் எங்கயாவது ஒரு காய் வச்சிட்டு அதையே எடுத்து ஆடிடலாம், அப்போ ஜெயிக்கிற வழி முதல் ஆளுக்குத்தான் இருக்க முடியும். நிஜ ஆட்டத்துல ஸ்வாப் ரூல் போட்டுக்குவாங்க, முதல் காய் வச்சதும் எதிராளி வேணும்னா அதைத் தனதாக்கிக்கலாம், அப்போ நட்ட நடுவுல வைக்கவே யோசிப்பீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் இது.

புதுசா ஆடுறீங்கன்னா பிரிட்ஜ்ங்கிற காய் அமைப்பைக் கத்துக்கோங்க. ரெண்டு காய் தொட்டுக்காம, ரெண்டுக்கும் பொதுவா ரெண்டு காலி கட்டம் இருக்கணும், எதிராளி ஒண்ணுல வச்சா நீங்க இன்னொண்ணுல வச்சிடுங்க, இணைப்பு அறாது.