52 வயதில் பள்ளிக்கூட வேலை: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. பி.காம். படித்தவள். 1996 ஜூன் முதல் 2001 மார்ச் வரை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். பிறகு படுக்கையில் விழுந்த மாமியாரை ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு அவர் காலமானார். மகள் திருமணமாகிக் கோவையில் இருக்கிறாள். வில்லிவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில், இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஆட்டிசம் உள்ள பையனுக்குத் துணையாக உட்கார ஆள் தேடுகிறார்கள். மாதம் 11,000 ரூபாய். தெரிந்தவர் மூலம் என்னைக் கேட்டார்கள். ஆங்கிலம் சரளமாக வராது. பிள்ளை வளர்த்த அனுபவம்தான் என்னிடம் உள்ள ஒரே தகுதி. "இந்த வயதில் ஆயா வேலைக்குப் போகிறாயா?" என்கிறார் கணவர். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர்

அன்புச் சகோதரிக்கு,

போகலாம். உங்கள் வயதோ ஆங்கிலமோ எனக்குக் கவலை தரவில்லை. கடிதத்தில் ஒரே ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். 'பிள்ளை வளர்த்த அனுபவம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்.

2011 ஜூனில், 49 வயதில், நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் தென்சென்னையில் ஒரு பள்ளிக்குள் நுழைந்தேன். அதற்கு முன் நான் பார்த்த சம்பள வேலை, ராயப்பேட்டை அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது. அதை விட்டு 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று நினைத்தேன்.

என்னிடம் ஒப்படைத்த பையனுக்கு ஏழு வயது. சில சொற்கள் மட்டும் பேசுவான். விளையாட்டு வகுப்பு முடிந்து வந்தால் ஷூ மாட்டப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வான். அடுத்த பாடம் தொடங்கிவிடுமே என்று நான் குனிந்து, அரை நிமிடத்தில் மாட்டி, வெல்க்ரோவை ஒட்டிவிடுவேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் சிறப்புக் கல்வி ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, அவனுக்கு ஷூ மாட்டக் கற்றுக்கொடுக்கப் போன வருடம் முழுவதும் பாடுபட்டோம். இப்போது அவனைப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். ஷூவைத் தொடாமல், என் பக்கம் திரும்பாமல், இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து அவன் ஷூ மாட்டும் நேரத்தில் என் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். அவனுக்குப் பழைய பழக்கம் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. எனக்குக் கை அடங்கப் பல மாதம் ஆயிற்று.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தாய்க்கு அவசரம் உண்டு. பஸ் வந்துவிடும், பால் பொங்கிவிடும், ஊட்டிவிட்டால் வேலை முடியும். ஏழு ஆண்டுகள் நோயாளியைப் பார்த்தவருக்கு அந்தக் கை இன்னும் வேகமாகப் பழகியிருக்கும். பள்ளியில் அது உதவாது. முதலில் பத்து வரை மனத்துக்குள் எண்ணிக் காத்திருங்கள். அவன் தொடங்கவில்லையென்றால் பொருளைச் சுட்டிக்காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு சொல். தொட்டு உதவுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த ஆசிரியை எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை இது. உங்கள் பள்ளியிலும் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்க வேண்டும். இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். யாரும் வழிகாட்டாமல் உங்களை மட்டும் குழந்தையோடு கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்றால், அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்கும் அநியாயம், பையனுக்கும் அநியாயம்.

அடுத்து உங்கள் கணவரின் சொல். 'ஆயா' என்பதை அவர் இழிவாகச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் மழலை வகுப்பைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவுக்கு, எந்தக் குழந்தை காலையில் சாப்பிடாமல் வந்தது என்று முகத்தைப் பார்த்தே தெரியும். என் பையன் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறியபோது, பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தாதீர்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான். பட்டம் பெற்ற எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. உங்களை அழைத்திருப்பது வேறு பணிக்கு. ஷேடோ டீச்சர் என்பார்கள். ஆனால் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும், வாய் துடைப்பதும், சில நாள் வாந்தியைச் சுத்தம் செய்வதும் இதிலும் உண்டு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மாமியாருக்கு ஏழு ஆண்டுகள் நீங்கள் செய்ததை உங்கள் கணவர் கௌரவக் குறைச்சல் என்று ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். அதை அவரிடம் மெதுவாக நினைவுபடுத்துங்கள்.

இப்படிப்பட்ட வேலை இப்போது ஏன் கூடியிருக்கிறது என்றும் அவருக்குச் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் ஏறின. அந்தக் குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் மட்டும் அதைச் செய்ய முடியாது.

கழிப்பறையைப் பற்றிச் சொன்னேன். அங்கே மிகக் கவனமாக இருங்கள். குழந்தையை அழைத்துப் போகும்போது இன்னொரு பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உடை மாற்றினால் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். பேசத் தெரியாத குழந்தையின் உடம்பில் காயமோ, நடத்தையில் திடீர் மாற்றமோ கண்டால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது வாயை அடைத்தால், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

சம்பள விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். வெகுநாள் கழித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, கூப்பிட்டதே பெரிது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் நியமனக் கடிதம் இல்லாமலே இருந்தேன்; இரண்டு மே மாதமும் சம்பளம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? பணம் தருவது பள்ளியா, பையனின் பெற்றோரா? சில பள்ளிகள் பெற்றோரையே கொடுக்கச் சொல்கின்றன. அப்படியானால் பையன் பள்ளி மாறும் நாளில் உங்கள் வேலையும் போகும். இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

பி.எஃப். பற்றி நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடம் என்றால் அது உண்டு. 11,000 ரூபாயும் அடிப்படைச் சம்பளம் என்றால் உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,320 ரூபாய் பிடிப்பார்கள். பள்ளியும் அதே அளவு போட வேண்டும். பென்ஷன் வாங்கப் பத்து ஆண்டுச் சேவை தேவை, 58 வயதோடு அந்தக் கணக்கு நிற்கும். இப்போது சேர்ந்தால் உங்களுக்கு ஆறு ஆண்டுகள்தான் கிடைக்கும். அதனால்தான் அம்பத்தூர் கம்பெனியின் ஞாபகம் எனக்கு வந்தது. அங்கே பி.எஃப். பிடித்தார்களா? நின்றபோது பென்ஷன் பங்கைத் திரும்ப வாங்கினீர்களா? வாங்காமல் விட்டிருந்தால் அந்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் இதோடு சேரும், பத்து நிறைந்துவிடும். பீரோவில் பழைய சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். ஈ.எஸ்.ஐ.யும் கேளுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு அது உண்டு. அயனாவரத்தில் அதன் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து எழும் வேலை இது. முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். அந்தப் பையனுக்கு நீண்ட வாக்கியம் எந்த மொழியிலும் வேண்டாம். "உட்கார்", "எடு", "முடிந்தது" என்பதை வீட்டில் எந்த மொழியில் சொல்கிறார்களோ அதே சொல்லில் சொல்வதுதான் அவனுக்கு நல்லது. முதல் நாளே அவன் அம்மாவிடம் அந்தச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சத்தம் பிடிக்காது, டிபன் டப்பாவில் எதைத் தொடமாட்டான், கோபம் வருவதற்கு முன் என்ன செய்வான் என்பதையும் கேளுங்கள். என் பையன் தண்ணீர் பாட்டில் மூடியைச் சுழற்ற ஆரம்பித்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் வராந்தாவுக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.

ஒப்புக்கொள்ளும் முன், ஒரு வேலை நாளில் காலை மணி அடிப்பதிலிருந்து மதிய உணவு வரை வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியை அந்தப் பையனைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது, பிளஸ் 2 முடித்தவள். பள்ளியில் உதவியாளராக ஓராண்டாக இருக்கிறேன். சிறப்புக் கல்வி ஆசிரியராக என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

அதற்குப் படிப்பும் பதிவும் வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்தின் பெயர் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்தில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஏமாந்த பெண்கள் இருவரை எனக்குத் தெரியும். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். போனில் கேட்பதோடு நிறுத்தாமல் ஒரு நாள் நேரில் போங்கள். பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழோடு, பள்ளியில் ஓராண்டு வேலை பார்த்ததற்கு ஒரு கடிதமும் வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.