இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு தேடுகிறோம். பிடித்த வீடுகள் எல்லாம் கைநழுவிப் போகின்றன. இப்போது 1950களில் கட்டிய ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறோம். ஆஃபரில் இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதினால்தான் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். கணவருக்குச் சம்மதம், எனக்குப் பயம். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. வீடுகளைப் பரிசோதிப்பதுதான் என் தொழில், அதனால் கறாராகவே சொல்கிறேன்.

குறை தெரிந்த பிறகு பேரம் பேசுவது வேறு, குறையைத் தெரிந்துகொள்வது வேறு. பேரத்தைத் தாராளமாக விட்டுவிடுங்கள். சொட்டும் குழாய், வேலை செய்யாத சுவிட்ச் இதற்கெல்லாம் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டோம் என்று ஆஃபரிலேயே எழுதுங்கள். விற்பவர்கள் பயப்படுவது அந்தப் பேரத்துக்குத்தான். பரிசோதனையை மட்டும் விடாதீர்கள்.

அந்தக் காலத்து வீடு என்பதால் என் முதல் கவலை மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய்த் தொட்டி. இங்கே பல பழைய வீடுகளில் ஹீட்டிங் எண்ணெயில் ஓடியது. பிறகு கேஸுக்கு மாறியவர்களில் பலர் தொட்டியை அப்படியே தோட்டத்துக்கு அடியில் விட்டுவிட்டார்கள். அது துருப்பிடித்துக் கசிந்திருந்தால், மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யப் பல்லாயிரம் டாலர் ஆகலாம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது. பேஸ்மென்ட் சுவரில் வெட்டிவிட்ட மெல்லிய செப்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, வெளியே சுவரோரம் எதற்கென்று தெரியாத இரும்புக் குழாய் நின்றாலோ சந்தேகப்படுங்கள். சாதாரண இன்ஸ்பெக்ஷனில் இது சேராது. புதைந்த தொட்டியைத் தேடிப் பார்க்கும் ‘டேங்க் ஸ்வீப்’ வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். சில மணி நேர வேலைதான். அப்புறம் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள், கூரையையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் அதிகமாக இருந்தால் ஃபேன் வைத்து வெளியேற்றலாம், அதற்காக வீட்டை விட வேண்டியதில்லை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட அழைத்துப் போக முடியுமா என்று ஏஜென்டைக் கேட்கச் சொல்லுங்கள். அது நடக்காவிட்டாலும் நம் மாநிலத்தில் ஒரு வசதி உண்டு. ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு, வக்கீல்கள் பார்வையிட மூன்று வேலை நாட்கள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் வக்கீல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். விற்பவர் சம்மதித்தால் அந்த நாட்களிலேயே பரிசோதனையை முடித்துவிடலாம். விற்பவரும் அதே நாட்களில் விலகலாம் என்பதால், இன்ஸ்பெக்டரை இப்போதே சொல்லி வையுங்கள்.

மாசசூசெட்ஸில் 2025 அக்டோபரிலிருந்து, இன்ஸ்பெக்ஷனை விட்டுக்கொடுத்தால்தான் வீடு என்று விற்பவர் நிபந்தனை போட முடியாது. அப்படி ஒரு விதி இங்கேயும் வர வேண்டும்.

பேரமே பேச மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகும், பரிசோதிக்க ஆளை உள்ளே விட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.